சிவப்புத் துணி கட்டிய குவாலி

பிறப்புப் பத்திரமே இல்லாமல் வளர்ந்து, பத்தொன்பதாம் வயதில் போராடி அடையாள அட்டை வாங்கியவள் என் தங்கை சாலிஹா. பள்ளிக்கூடம் அவளைச் சேர்க்கவில்லை, அடுப்பு சேர்த்துக்கொண்டது. புருஷன் சிங்கப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். இவள் ஒற்றை ஆளாக நின்று மகள் நாடியாவை ஈப்போ மருத்துவமனையில் தாதியாக்கினாள். பெண் பிள்ளை கடை அடுப்பில் நிற்கலாமா என்று கேட்ட சொந்தக்காரர்கள் எல்லாரும் பிறகு அவள் சமைத்ததைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டார்கள். வெள்ளைக்காரன்தான் ஸ்டேக் சுடுவான் என்று நினைத்திருந்த கேமரன் மலையில், ஸ்டேக் தின்பதற்காகவே கோலாலம்பூர்க்காரர்களை மலையேறி வரவைத்தாள். கடைசியாக, மாட்டிறைச்சியைத் தொடாத தேயிலைத் தோட்டத்துச் சனங்களிடமே மாட்டிறைச்சி சுட இடம் வாங்கினாள்.

இதில் யாருடைய தயவும் கிடையாது. தயவு என்று சொல்லிக்கொண்டு வந்தவர்கள் போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் போனார்கள். அவர்களைப் பற்றியும் எழுதுவேன்.

முதலில் எங்கள் அத்தா. மலையில் ரிங்லெட் என்ற ஊரில் லோரி ஓட்டிகளுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஆண் பிள்ளைகள் பிறந்தபோது மறுநாளே போய்ப் பதிந்தவர், சாலிஹா பிறந்தபோது மறந்துவிட்டார். கேட்டால், அந்த வாரம் கடைக்குப் புது அடுப்பு வந்தது, அலைச்சல் என்பார். அடுப்பு வாங்கிய ரசீதைக் கடைசிவரை பத்திரமாக வைத்திருந்தார்.

ஆனால் அத்தாவிடம் ஒரு நேர்மை இருந்தது. கடையில் இரண்டு குவாலி இருக்கும். குவாலி என்று இங்கே நாங்கள் சொல்வது பெரிய இரும்புச் சட்டியை. ஒன்றின் காதில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், அது மாட்டுக்கு. துணி கட்டாதது மற்றவர்களுக்கு. கரண்டியும் தனி, கழுவும் தேங்காய் நாரும் தனி. தோட்டத்திலிருந்து வரும் இந்துக்கள் உட்காருவதற்கு முன்னால் அடுப்பை ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்கள். துணி கட்டாத குவாலியில் மீ கோரெங் நூடுல்ஸ் புரள்வதைப் பார்த்த பிறகுதான் உட்காருவார்கள். விளம்பரப் பலகையும் கிடையாது, சத்தியமும் கிடையாது. அந்தச் சிவப்புத் துணியை நம்பி ரிங்லெட்டில் இரண்டு தலைமுறை சாப்பிட்டது. சாலிஹாவுக்கு அத்தா சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் இதுதான். அதையும் வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் கரண்டியை மாற்றிப் போட்டதற்கு முழுச் சட்டி மீயையும் சாக்கடையில் கொட்டினார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொழுப்பு உருக்குவதை அவளாகவே கற்றுக்கொண்டாள். மாட்டின் குண்டிக்காயை, அதாவது சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்புதான் அவளுக்கு வேண்டும். இறைச்சிக்கடைக்காரர் நாய்க்குப் போடுவதை இவள் கேட்டு வாங்கி வருவாள். சவ்வை உரித்து, சுண்டைக்காய் அளவுக்கு நறுக்கி, ஒரு கை தண்ணீர் விட்டு, சிறு தீயில் வைப்பாள். முதலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்கும், பிறகு படபடக்கும். படபடப்பு அடங்குகிற அந்த நொடியில் இறக்கி, துணியில் வடிகட்ட வேண்டும். பொறுமை இல்லாதவன் தீயைக் கூட்டுவான், கொழுப்பு பழுப்பாகிப் புகை நாறும். சாலிஹா வடித்தது டின்னில் இறங்கும்போது தேன் நிறம், இறுகினால் மெழுகுவர்த்தி வெள்ளை. எங்கள் குளிருக்கு அதற்கு ஃப்ரிட்ஜ் கூட வேண்டாம்.

அந்த வாசனைக்காக அவளை எத்தனை பேர் ஒதுக்கினார்கள்! கல்யாண வீட்டில் அவள் பக்கத்தில் உட்காராமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்ட சீமாட்டிகள் உண்டு. அதே சீமாட்டிகள் இப்போது அதே கொழுப்பைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் இணையத்தில் வாங்கி, ராத்திரி முகத்தில் பூசிக்கொண்டு படுக்கிறார்கள். தோல் மினுங்குமாம். மினுங்கட்டும். மூக்கைப் பொத்திய கையாலேயே பூசுகிறார்களே, அதுதான் எனக்குச் சிரிப்பு.

அத்தா மௌத்தானதும் கடையும் போயிற்று. வாடகைப் பத்திரம் அவர் பெயரில் இருந்தது. சாலிஹா போய்க் கேட்டபோது கட்டடக்காரர், "கைநாட்டு வைக்கிற பொம்பளைக்கு நான் எப்படிம்மா எழுதித் தர்றது? நாளைக்கு நீ இல்லன்னா நான் கட்டைவிரலைத் தேடிட்டுப் போகணுமா?" என்று சிரித்தார். அவர் கையெழுத்தையும் நான் பார்த்திருக்கிறேன். மண்புழு செத்துக் கிடப்பது போல இருக்கும்.

பக்கத்து ஊரான தானா ராத்தாவில் எனக்குத் தையற்கடை. என் பெயரில் பத்திரம் எழுதிக்கொள்ளலாம் என்றேன்.

"வேணாம் நானா," என்று அண்ணனான என்னிடம் சொன்னாள். "உங்க பேர்ல கடை, என் கையில அடுப்பு. அதை அத்தா காலத்துலேயே பாத்தாச்சு. என் பேர்ல வரட்டும். இல்லன்னா வேணாம்."

அதிலிருந்து அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். தன் பெயரில் ஒரு கடை, தன் கையால் ஒரு கையெழுத்து.

அடுத்து வந்தவர் மகேன். கோலாலம்பூரில் பிறந்த நம்ம தமிழ் ஆள். தோட்டத்துக்குள் காலியாகக் கிடந்த பழைய துரை பங்களாவை வாடகைக்கு எடுத்து ஸ்டேக் கடை திறந்தார். தலையில் ஒரு தொப்பி உண்டு, வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டார். ஸ்டேக் மேல் கேஸ் டார்ச்சால் நெருப்பு ஊதுவார். அதை ஒருவன் படமெடுக்க வேண்டும், எடுத்தது சரியில்லை என்றால் மறுபடியும் ஊதுவார். மூன்று தடவை ஊதிய ஸ்டேக்கைச் செருப்புக் கடைக்குத்தான் கொடுக்கலாம். சுடத் தெரிந்த ஆள் தேவைப்பட்டபோது யாரோ சாலிஹாவைக் காட்டினார்கள். ஹலால் இறைச்சி, மது கிடையாது என்ற இரண்டையும் முதல் நாளே பேசிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

மகேன் கறுப்புக் கல் பலகையில் ஸ்டேக்கைப் பரிமாறச் சொன்னார். அழகாக இருக்குமாம். தேயிலை மலையின் குளிரில் கல் ஐஸ் போல இருக்கும். வந்தவர்கள் படமெடுத்து முடிப்பதற்குள் கொழுப்பு வெள்ளையாக உறைந்து, இறைச்சி ஏதோ பூஞ்சை பிடித்தது போல் ஆகிவிட்டது. சாலிஹா கல் பலகைகளைப் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, இரும்புத் தட்டுகளை அடுப்பின் ஓரத்தில் அடுக்கிச் சூடேற்றினாள்.

அவள் சுட்ட ஸ்டேக்கை நான் சாப்பிட்டிருக்கிறேன், ஆகையால் சொல்ல எனக்கு உரிமை உண்டு. இறைச்சியை முன்னமே வெளியே எடுத்துக் குளிர் போக வைப்பாள். துணியால் ஒற்றி ஈரம் எடுத்து உப்பு மட்டும் தூவுவாள். இரும்புச் சட்டி புகையும்போது ஒரு கரண்டி கொழுப்பு. முதலில் படுக்கவைக்க மாட்டாள். இடுக்கியால் பிடித்து, கொழுப்போரம் கீழே இருக்கும்படி நிற்கவைப்பாள். அந்த ஓரம் பொன்னாகி மொறுமொறுப்பான பிறகுதான் படுக்கை. எடுத்த பிறகு கொஞ்ச நேரம் சும்மா விடுவாள், அவசரப்பட்டு வெட்டினால் சாறு தட்டுக்குப் போய்விடும், வாய்க்கு வராது. மேலே இடித்த மிளகு, பக்கத்தில் லெம்பா பெர்த்தாம் தோட்டத்துத் தக்காளியைப் பாதியாக வெட்டி அதே சட்டியில் வதக்கியது. கத்தி வைத்தால் ஓரம் நொறுங்கும், உள்ளே ரோஜா நிறம். முதல் வாய்க்கு நான் பேசுவதை நிறுத்திவிடுவேன். இப்படி ஒரு பண்டத்தை முன்னால் வைத்துக்கொண்டு மிளகாய் சாஸ் கேட்டவர்களையும் அங்கே பார்த்தேன். "நல்லா வேகவச்சிக் கொண்டாங்க, ரத்தம் தெரியக்கூடாது" என்று சொல்லிவிட்டு, வந்ததும் "கெட்டியா இருக்கே" என்று முகம் சுளித்த வக்கீலையும் பார்த்தேன்.

கூட்டம் சேர்ந்தது. சாலிஹாவை விட்டால் கடை இல்லை என்று மகேனுக்குப் புரிந்தது. பாதிக் கடையை அவள் பெயருக்கு எழுதித் தருவதாகச் சொல்லி, அக்டோபர் முதல் திங்கட்கிழமை என்று நாளும் குறித்தார்.

"கட்டைவிரல் போதும் காக்," என்றார். காக் என்றால் மலாயில் அக்கா.

"கைநாட்டு வேணாம் தம்பி. கையெழுத்துப் போடறேன்."

"நீங்க பழகறதுக்குள்ள நான் மூணு பிராஞ்ச் திறந்துருவேன் லா!"

அவர் ஒரு பிராஞ்சும் திறக்கவில்லை. சாலிஹா பழகினாள். மேசையில் பரிமாறும் மலர் அவள் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள். காலையில் வந்ததும், டின்னில் வெள்ளையாக இறுகிக் கிடக்கும் கொழுப்பின் மேல் இறைச்சி குத்தும் கம்பியால் சாலிஹா தன் பெயரை எழுதுவாள். கடைசி எழுத்தின் வளைவு சரியாக வராது. திட்டிக்கொண்டே அடுப்பைப் பற்றவைப்பாள். பெயர் உருகிவிடும். மறுநாள் மறுபடியும்.

இந்தச் சமயத்தில் மகேன் கைத்தொலைபேசியில் எதையோ பார்த்துவிட்டார். தாவர எண்ணெய் விஷமாம், மாட்டுக் கொழுப்பு மருந்தாம். அதுவரை சிப்ஸுக்கும் மீனுக்கும் பாமாயில் சட்டி தனியாக இருந்தது. அதைத் தூக்கிப் பின்னால் போட்டுவிட்டு, உருளைக்கிழங்கு சிப்ஸையும் கொழுப்பிலேயே பொரிக்கச் சொன்னார்.

சாலிஹா உடனே கேட்டாள். "தம்பி, நம்ம எஸ்டேட் ஆளுங்க பிள்ளைங்கள கூட்டிட்டு வந்து சிப்ஸ் வாங்கறாங்களே?"

"மெனு கார்டுல போட்டாச்சு காக். படிச்சுத் தெரிஞ்சுக்குவாங்க."

அவள் நம்பிவிட்டாள். எழுத்தில் வந்தது உண்மையாகத்தான் இருக்கும் என்று எழுத்துத் தெரியாதவர்கள் நம்புகிறார்கள். படித்தவன் எழுத்தில்தான் அதிகம் பொய் சொல்கிறான் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. பரிமாறுகிறவர்களைச் சமையலறைக்குள் விடும் வழக்கமும் அங்கே இல்லை. தட்டு ஒரு ஜன்னல் வழியாகப் போகும். எதில் பொரிகிறது என்பது மலருக்குத் தெரியாது, கார்டில் என்ன இருக்கிறது என்பது சாலிஹாவுக்குத் தெரியாது.

பங்கு எழுதும் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை, மலரின் அம்மா வடிவம்மாளுக்குப் பிரிவு உபசார விருந்து. ஆயுள் முழுக்க அந்தத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவர். அந்த பங்களாவின் பின்படிக்கு மேல் ஏறியதில்லை. தோட்ட நிர்வாகம் பெரிய மனசு பண்ணி, ஸ்டேக் கடையாகிவிட்ட அதே பங்களாவில் விருந்து கொடுத்தது. நாள் புரட்டாசிச் சனிக்கிழமை. வடிவம்மாள் விரதம். மாடு தொடாத ஒரு அம்மாளை, விரத நாளில், ஸ்டேக் கடைக்கு அழைத்துக் கௌரவிக்கும் அறிவு மானேஜர் படிப்பில்தான் வரும். வரமாட்டேன் என்று சொல்லத் தெரியாமல் அவர் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தார். கூட அவருடைய தம்பி முருகையா, தோட்டத் தொழிலாளர் கூட்டுறவின் தலைவர். வடிவம்மாளின் ரவிக்கையைத் தைத்தவன் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

மலர் ஜன்னலில் போய்ச் சொன்னது எனக்குக் கேட்டது. "அக்கா, அம்மாவுக்கு சிப்ஸ் மட்டும். விரதம். கிழங்குதானே, பரவால்லன்னாங்க."

உள்ளிருந்து சாலிஹாவின் குரல் வந்தது.

"கார்ட பாத்துட்டுத்தான் சொன்னாங்களா?"

"பாத்தாங்க. நான்தான் படிச்சுக் காட்டினேன்."

"மாட்டுக் கொழுப்புல பொரிச்சதுன்னு அதுல போட்டிருக்குல்ல?"

"எங்க போட்டிருக்கு? 'மொறுமொறு சிப்ஸ்'னு மட்டும்தான்க்கா இருக்கு." மலரின் குரல் இறங்கியது. "அக்கா... கொழுப்புலயா?"

மகேன் ஓடிப் போனார். "காக், இன்னிக்கு மட்டும் விடுங்க. மானேஜர் உக்காந்திருக்காரு. வாசத்துல யாருக்குத் தெரியப் போவுது? இந்தக் காலத்துல யாரு லா இதெல்லாம் பாக்கறா? நானே இந்துதான், நானே சாப்பிடறேன்!"

"நீ சாப்பிடு தம்பி. தட்டோட சாப்பிடு. அது தெரிஞ்சு திங்கறது."

"திங்கட்கிழமை ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு," என்றாள் சாலிஹா.

கதவைத் திறந்துகொண்டு ஏப்ரனோடு சாப்பாட்டு அறைக்கு வந்தாள். அத்தனை நாளில் அந்த அறைக்குள் அவள் கால் வைத்தது அதுவே முதல் தடவை. வடிவம்மாள் எதிரே போய் நின்றாள்.

"அம்மா, சிப்ஸ சாப்பிடாதீங்க. மாட்டுக் கொழுப்புல பொரிக்கிறோம். கொஞ்ச நாளாவே அப்படித்தான். கார்டுல போட்டிருக்குன்னு சொன்னாங்க, நம்பிட்டேன். போடல."

முருகையா எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. முந்தின வாரம்தான் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து அந்தச் சிப்ஸை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"என் பேரனுக்கு ஊட்டி விட்டேனே! பாயம்மா, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரியாம செஞ்சேன். தெரிஞ்சதும் வந்து நிக்கிறேன். திட்டுங்க."

அவர் திட்டினார். நான் இங்கே எழுத முடியாத வார்த்தைகள் எல்லாம் வந்தன. சாலிஹா தலையைக் குனியவில்லை. மானேஜர் தன் ஸ்டேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். வடிவம்மாள்தான், "முருகா, போதும் உக்காரு," என்றார். பிறகு சாலிஹாவிடம், "எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுக் குடும்மா. உன் கையால. கிளாஸ மட்டும் நல்லா கழுவிரு," என்றார்.

அந்தத் தேத்தண்ணிதான் சாலிஹா அங்கே கடைசியாகப் போட்டது. "பங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க," என்று மகேன் பின்கதவில் வைத்துச் சொன்னார். கதவுக்கு அந்தக் கல் பலகை முட்டுக் கொடுத்திருந்தது. சாலிஹா தன் கொழுப்பு டின்னைத் தூக்கிக்கொண்டு என்னோடு நடந்தாள். ரிங்லெட் பஸ் ஏறும்போது, "கடைசி எழுத்து இப்பத்தான் நானா சரியா வந்துச்சு," என்றாள்.

எங்கள் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். "அவங்க விரதத்துக்கு நீ ஏன் பட்டினி கிடக்கணும்?" என்று கேட்டார் ஒரு மாமா. அவர் கடையில் மீன் பொரித்த எண்ணெயில் மறுநாள் வாழைப்பழம் பொரிப்பார்கள். அவருக்கு எப்படிப் புரியும்? சாலிஹா அவருக்குக் காப்பி கொடுத்து அனுப்பினாள். காலையில் கொழுப்பு டின்னைத் திறந்து எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

நவம்பர் கடைசியில் முருகையா வந்தார். வாசலில் நின்றபடியே பேசினார்.

"பாயம்மா, ரோட்டோரம் எங்க கூட்டுறவுக் கடை ஒண்ணு காலியா கிடக்கு. அன்னிக்கு நீ சொன்னத மீட்டிங்ல வச்சோம். ரெண்டு பேரு எந்திரிச்சு, மாடு சுடுற கைக்கா கொடுக்கறதுன்னு கேட்டானுங்க."

"நியாயம்தானே," என்றாள் சாலிஹா.

"எங்கக்கா எந்திரிச்சுது. மீட்டிங்ல வாயே திறக்காத மனுஷி. 'நம்ம சாமியக் கும்பிடறவன் நமக்கு மாட்டக் கொடுக்கப் பாத்தான், மாடு சுடுறவ வந்து தடுத்தா. யாருக்குக் கொடுக்கணும்னு நீங்களே சொல்லுங்கடா'ன்னுச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் உனக்குன்னு கையத் தூக்கிட்டானுங்க." முருகையா தொண்டையைச் செருமினார். "நான் அன்னிக்குப் பேசினது..."

"பேரப்பிள்ளைக்காகப் பேசினீங்க. விடுங்க."

"ஒரு நிபந்தனை. எது எதுல பொரிக்கிறன்னு போர்டு எழுதி மாட்டணும்."

"எழுதறத நான் நம்ப மாட்டேங்கய்யா. அடுப்ப முன்னால வைக்கிறேன். ரெண்டு குவாலி. மாட்டுக்கு உள்ளதுல சிவப்புத் துணி. உக்கார்றதுக்கு முன்னால ஆளாளுக்கு எட்டிப் பாத்துக்கட்டும்."

"ரிங்லெட்ல உங்கத்தா கடையில அப்படித்தான் எட்டிப் பாப்போம்," என்றார் முருகையா. பிறகுதான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

துரை பங்களாவைப் பற்றி ஒரு வரி. தோட்டத்து ஆட்கள் ஒருவர் கூட அந்தப் பக்கம் போகவில்லை, பரிமாற ஆளும் கிடைக்கவில்லை. இப்போது அங்கே வேறு யாரோ ஸ்ட்ராபெரி அப்பம் விற்கிறார்கள். மகேன் தொப்பியோடு கோலாலம்பூருக்குத் திரும்பிவிட்டார். மலர் இப்போது சாலிஹாவிடம் இருக்கிறாள். சமையலறைக்குள் தாராளமாகப் போய் வருகிறாள்.

பத்திரம் எழுதும் நாளில் நானும் போனேன். கூட்டுறவு அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி சாலிஹாவைப் பார்த்ததும், பழக்க தோஷத்தில் மேசை இழுப்பறையிலிருந்து மைப்பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தார். சாலிஹா அதை மூடி அவர் பக்கமே தள்ளினாள். பேனாவைக் கம்பி பிடிப்பது போலப் பிடித்தாள். மெதுவாக எழுதினாள். முருகையாவும் வடிவம்மாளும் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி எழுத்தின் வளைவு ஒரு குறையும் இல்லாமல் வந்தது. உருக்குவதற்கு அடுப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. பெயர் தாளில் அப்படியே நின்றது.

அன்று 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் தேதி, திங்கட்கிழமை.